புதைத்து வைத்த பனியன்

குழி காலியாக இருந்தது.

அவள் மண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே துழாவினாள். கரண்டி பட்டால் துணி கிழிந்துவிடும். அப்புறம் அதை மண் தின்றதா, கரண்டி தின்றதா என்று தெரியாமல் போய்விடும். நகக்கண்களுக்குள் ஈரம் ஏறியது. சருகு, ஒரு மெல்லிய வேர், மறுபடியும் சருகு. பனியன் இல்லை.

தலைக்கு மேல் காபிக் கிளையில் சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. அவள் கட்டிய முடிச்சுதான். ரிப்பனுக்கு நேர் கீழே, ஒரு சாண் ஆழத்தில், அப்பாவின் வெள்ளைப் பருத்திப் பனியன் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் தன் கையால் விரித்துப் போட்டு மூடியது. காலால் மிதித்துச் சமப்படுத்தியதுகூட ஞாபகம் இருந்தது.

கீழே, காபி காயவைக்கும் களத்தில், யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் பனிக்குள் நுழைந்து, வழி தவறி, வேறெங்கோ போய்விட்டு, கடைசியாகத்தான் அவளிடம் வந்து சேர்ந்தது. பேச்சுக் குரல்களும் அப்படித்தான் வந்தன. ஒரு இருமல், ஒரு பெண்ணின் மூக்குறிஞ்சல், "இன்னும் ரெண்டு நாற்காலி இந்தப் பக்கம்" என்று ஒரு கட்டளை. எதுவும் தன் வீட்டிலிருந்து வருவதாக அவளுக்குத் தோன்றவில்லை.

சரிவு முழுக்க வெள்ளையாக இருந்தது. இந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்ததால் காபியும் விட்டு விட்டே பூத்தது. முன்பே பூத்தது உதிர்ந்துகொண்டிருக்க, நேற்றுவரை மொட்டாக இருந்ததெல்லாம் இன்று விடிவதற்குள் விரிந்திருந்தது. ஒவ்வொரு கிளையிலும் யாரோ பஞ்சு ஒட்டிவைத்துவிட்டுப் போனது போல. அந்த வாசனை அவளுக்கு எரிச்சலாக இருந்தது. துக்க வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வாசனையை அனுமதித்திருக்கக் கூடாது.

அப்பா நேற்று மாலை இந்தச் சரிவில்தான் செத்துப்போனார்.

"தவறிட்டாரு" என்றுதான் அண்ணன் போனில் சொன்னான். தவறவில்லை, செத்துப்போனார். அவளுக்கு மழுப்பல் வார்த்தைகள் பிடிக்காது. அவள் அலுவலகத்தில் எல்லாம் மழுப்பல்தான். இருபது வருஷம் மருந்தடித்து, உரம் கொட்டி, ஒரு மண்புழுகூட மிச்சமில்லாத நிலத்தைப் பற்றி எழுதும்போது "வளம் குன்றியுள்ளது" என்று எழுதச் சொல்வார்கள். செத்துவிட்டது என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

எப்படியும் இன்று இதே முதல் பஸ்ஸில் வர வேண்டியவள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து பனியனைத் தோண்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். "நீயே வந்து எடு. நான் தொட மாட்டேன்ப்பா" என்று அப்பா போனில் சத்தியம் செய்திருந்தார். அவள் வந்து இறங்கியபோது முன்னறைக் கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் அவர் கழுத்துப் பட்டனைப் போட்டதில்லை. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் நெஞ்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள். அறையில் இருந்த அத்தனை பேரும் மகள் அழப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பாதங்களைப் பார்த்தாள். குதிகால் வெடிப்பில் மண் இருந்தது. கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த மண் கரண்டியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறிவிட்டாள்.

"படிச்ச பொண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். படிப்பு என்பது ஒரு நோய் போல.

அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். "மண்ணுல இருந்து தப்பிக்கட்டும்னு படிக்க வச்சேன். மண்ணையே படிச்சுட்டு வந்து நிக்குது" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சொல்லும்போது குறைப்பட்டுக்கொள்வது போலத்தான் இருக்கும். முகம் வேறு மாதிரி இருக்கும்.

காபி வாங்கும் ஒரு கம்பெனியில் வேலை. மண்ணை மீட்கும் விவசாயம் என்று அவர்கள் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அவள் தோட்டம் தோட்டமாகப் போய் மண்ணைத் தோண்டிப் பார்ப்பாள். மண்புழு எண்ணுவாள். ஒரு மண்கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டு, கரைகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவாள். அங்கிருந்து வரும் தாளை எந்த விவசாயியும் மதித்ததில்லை. ஆனால் பனியனை எல்லோரும் மதித்தார்கள். வெள்ளைப் பருத்தித் துணியைப் புதைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால், உயிருள்ள மண் அதைத் தின்றிருக்கும். செத்த மண்ணில் போட்டது போட்டபடி கிடக்கும். இதைப் புரிந்துகொள்ள டிகிரி தேவையில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவிடம்தான் முதல் பனியன் கேட்டாள்.

"எனக்கே உருப்படியா இருக்கிறது ரெண்டு. மண்ணுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?" என்று கேட்டுக்கொண்டே போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அது முழுசாக வெளியே வந்தது. ஒரு பொத்தல் இல்லை. அம்மா துவைத்துப் போட்டதும் பழையபடி வெள்ளையாகிவிட்டது. அப்பா அதை மாட்டிக்கொண்டு, சட்டையைத் திறந்துவிட்டு, பூச்சிமருந்துக்கடைவரை நடந்து போய்க் காட்டினார். "என் வேர்வை நாத்தம் மண்ணுக்கே பிடிக்கலையாம்டா." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் கால் கழுவும்போது, யாரிடமும் இல்லாமல், தண்ணீரிடம் சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு பனியனைக்கூடத் தின்ன முடியாத மண்ணு. நாளைக்கு என்னை எப்படித் தின்னும்?"

மறுநாள் காலையில் களைக்கொல்லிக் கேனைப் பாதி மருந்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கடையிலேயே வைத்துவிட்டு வந்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கென்று தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை. ஆனால் வீட்டில் யாரும் இதை நம்பவில்லை. மகள் வந்தாள், மருந்து போனது. அவ்வளவுதான் கணக்கு.

அதன் பிறகு மூன்று வருஷம். பக்கத்துச் சரிவுகளில் கிளை வளையக் காய்த்தது. அப்பாவின் சரிவில் களைதான் காய்த்தது. அவர் கையால் வெட்டினார். வெட்டியதைச் செடிகளுக்கு அடியிலேயே பரப்பினார். மறுபடி முளைத்தது, மறுபடி வெட்டினார். மூன்றாம் வருஷக் கடைசியில் அவள் இரண்டாவது பனியனைப் புதைத்தாள். அடையாளத்துக்குக் கீழ் ஓரத்தில் நீல நூலால் நாலு தையல் போட்டாள்.

ஒரு பனியனை வைத்து ஒரு நிலத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள். பல இடத்தில் தோண்ட வேண்டும், பல விஷயம் பார்க்க வேண்டும். இன்று அந்த நியாயமெல்லாம் அவளுக்கு வேண்டாம். இன்று அவளுக்கு அந்த ஒரு பனியன் வேண்டும். அது முழுசாக இருந்தால், இந்த மனிதர் மூன்று வருஷம் முதுகொடிந்தது வீண். மகள் படித்த படிப்புக்காகக் குனிந்து குனிந்து செத்தார் என்றாகும். தின்றிருந்தால்...

தின்றிருந்தால் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அவரைக் கீழே இறக்குவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

பூக்களை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தான். தலைமுடியில், தோளில், வெள்ளை இதழ்கள். முந்தைய நாளின் சட்டை.

"என்ன பண்ற நீ?"

"இங்க புதைச்ச பனியன் எங்க?"

"என்னது?"

"பனியன். யாரு எடுத்தா?"

அண்ணன் சிரித்தான். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை. "அப்பா அங்க கிடக்கறாரு. பஸ்ஸை விட்டு இறங்கி நேரா மேல ஏறி வந்து, பனியன் எங்கங்கற. உனக்கெல்லாம் எவன் டிகிரி குடுத்தான்?"

"நீதான எடுத்த?"

"நான் எதுக்குடி எடுக்கறேன்? என் அளவா அது?"

"எடுத்துட்டா சோதனை கெட்டுப்போகும். கெட்டுப்போச்சுன்னா நீ மருந்தடிக்கலாம். படிக்கட்டுல கேன் இருக்கே. பாக்கலைன்னு நினைச்சியா?"

அவன் ஒரு கிளையைப் பிடித்தான். பூக்கள் பொலபொலவென்று கொட்டின.

"ஆமா. நான்தான் கொண்டு வரச் சொன்னேன். போன வாரமே சொன்னேன். யாருக்கும் பயந்துக்கிட்டு இல்ல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதுக்கப்புறம் என்கிட்ட பேசவே இல்ல." அவன் குரல் பனிக்குள் கொஞ்சம் தொலைந்து, திரும்ப வந்தது. "அதோ அந்த மரத்துல சாஞ்சுதான் உக்காந்திருந்தாரு. மடி முழுக்கப் பூ. தூங்கறாருன்னு நினைச்சேன். கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். இன்னும் கோவமா இருக்காருன்னு நினைச்சு நான்பாட்டுக்குக் கீழ போயிட்டேன். அம்மா டீ போட்டு வச்சுட்டு, எங்கடா அவருன்னு கேட்டப்பதான் திரும்ப வந்தேன்."

அவள் மரத்தைப் பார்த்தாள். நிழலுக்காக விட்டிருந்த பெரிய மரம். அதன் அடியில் அப்பா களை வெட்டும் கொத்து ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை.

"மருந்தடிச்சிருந்தா இந்த வயசுல அந்த மனுஷன் களை வெட்டியிருப்பாராடி? சொல்லு, மண்ணு டாக்டர். சொல்லு."

"மருந்தை முதுகுல தூக்கிட்டு அடிச்சாரே, அப்ப ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கிட்டு உக்காந்திருப்பாரு. அது மறந்துபோச்சா உனக்கு?"

"அப்ப உயிரோட இருந்தாருல்ல."

அவளிடம் எப்போதும் பதில் இருக்கும். கல்லூரியில், அலுவலகத்தில், பஸ்ஸில், எவன் எதைச் சொன்னாலும் நாக்கு நுனியில் பதில் இருக்கும். இப்போது வாயைத் திறந்தால் பூ வாசனைதான் உள்ளே போனது.

"அவரைக் கொன்னது உன் படிப்புதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அண்ணன் வந்த வழியே இறங்கிப் போனான். வெள்ளைக் கிளைகள் அவனுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அவள் இறங்கி வந்தபோது, சரிவின் அடியில் ஒரு மூலையில் குழி வெட்டும் சத்தம் கேட்டது. அப்பா தன் நிலத்திலேயே இடம் சொல்லி வைத்திருந்தார். கெட்டிப்போன மண்ணில் மண்வெட்டி ணங்கென்று பேசும். உயிருள்ள மண்ணில் பேசாது. எத்தனையோ தோட்டங்களில் ஆளுயரக் குழி வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி நின்று, சுவரைச் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். இந்தக் குழியின் சத்தத்தைக் கேட்கக்கூடாது என்று காதைத் திருப்பிக்கொண்டாள். பனியில் எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எப்படியும் தெரிந்திருக்காது.

போன் அதிர்ந்தது. மேலதிகாரி. "ஆழ்ந்த இரங்கல். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அந்த நிலத்தின் துணிச் சோதனை முடிவு இந்த வாரம் வர வேண்டியது. அவசரமில்லை." அவசரமில்லை என்று எழுதினால் அவசரம் என்று அர்த்தம். போனை அணைத்தாள்.

வீட்டுப் படிக்கட்டில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் சிநேகிதர். பக்கத்தில் நீல நிறக் கேன். இரண்டு பேரும் சேர்ந்து துக்கம் விசாரிக்க வந்தது போல இருந்தது.

"வாம்மா டாக்டரு" என்றார். கண் சிவந்திருந்தது.

"ஏன் மாமா, சாவுக்கு வரும்போதுகூடச் சரக்கோடதான் வருவீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்கண்ணன் போன வாரம் சொன்னது. வண்டியில கிடந்துச்சு. வந்த வேகத்துல பழக்கதோஷமா இறக்கி வச்சுட்டேன். வச்சப்புறம்தான் உறைச்சுது. திரும்ப ஏத்தலாம்னா அதையும் நாலு பேரு பாப்பாங்க. அதான் பக்கத்துலயே உக்காந்துட்டேன்." கேனைத் துண்டால் மூடப் பார்த்தார். துண்டு போதவில்லை.

அவள் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பன் முந்தாநாள்கூடக் கடைக்கு வந்தான். வாங்க ஒண்ணும் கிடையாது. சும்மா வந்து உக்காந்து, என் டீயைக் குடிச்சுட்டு, 'ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்'னான். என்னடா காட்டப்போறன்னேன். சொல்ல மாட்டேனுட்டான். வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கறான். பல்லு போன வயசுல என்னடா ரகசியம்னு திட்டினேன்." அவர் களத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வந்துட்டேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவ வந்தாச்சா? அவளை வரச் சொல்லுங்க. மத்தவங்க எல்லாம் வெளிய இருங்க."

அறையில் அம்மாவும் அவளும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். அம்மா கதவைத் தாழிட்டாள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், துண்டு, சோப்பு. மேஜை மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் பனியன். அண்ணன் விடியற்காலையில் கடையைத் தட்டி எழுப்பி வாங்கி வந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் பனியும் பூவும் ஒன்றாகிவிட்டிருந்தன. வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்தது போல உள்ளே விழுந்தது.

"சட்டையைக் கழட்ட நான் யாரையும் விடலை" என்றாள் அம்மா. "உங்கண்ணனைக்கூட. மேல இன்னொரு பட்டனைப் போட்டு மூடி வச்சேன்."

"ஏம்மா?"

"அசிங்கமா இருந்துச்சு. பாக்கறவங்க என்னைத்தான் சொல்லுவாங்க. கட்டினவனுக்கு ஒரு நல்ல துணி எடுத்துக் குடுக்கலைன்னு."

அவள் கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். அடுத்தது. அதற்கு அடுத்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. துணியும் தோலும் மாறி மாறித் தெரிந்தன. நெஞ்சுப் பகுதியில் துணியே இல்லை. விலாப்பக்கம் ஒரு வலை மாதிரி, அதற்குள் ஒரு வலை மாதிரி, இழை இழையாக நின்றது. தோளிலும் அக்குளிலும் தையல் மட்டும், ஒரு பனியனை யாரோ கோடு போட்டுக் காட்டியது போல. மிச்சம் இருந்த இடங்களில் பழுப்பும் பச்சையுமாகக் கறை. ஓரிடத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் பூஞ்சை படர்ந்த வட்டம். கீழ் ஓரத்தில் நீல நூல். நாலு தையல்.

"நேத்து மத்தியானம் மண்ணோட கொண்டாந்து என் கையில குடுக்கறாரு" என்றாள் அம்மா. "அலசிக் குடுன்னாரு. இது அடுப்பைத் துடைக்கக்கூட ஆகாதேன்னேன். சண்டை பிடிச்சு அலச வச்சாரு. உனக்குத் தெரியாது, தினமும் போய் ஒரு ஓரமா தோண்டிப் பாத்துட்டு மூடிட்டு வருவாரு. வெதை போட்ட சின்னப் புள்ளை மாதிரி. அவ எடுக்கறவரைக்கும் தொடாதீங்கன்னா, 'தொடலை, பாத்தேன்'பாரு."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தொட மாட்டேன் என்று சத்தியம் செய்த வாய் ஒருபக்கமாகக் கொஞ்சம் கோணியிருந்தது.

"காயக்கூட விடலை. ஈரத்தோட மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி போய் நிக்கறாரு. திரும்பி முதுகைப் பாக்கறாரு. சிரிக்கறாரு. 'டாக்டரம்மா வந்ததும் சட்டையைத் திறந்து காட்டணும். அதுவரைக்கும் கழட்டப்போறதில்ல'ன்னாரு. அப்படியே மேல சட்டையை மாட்டிக்கிட்டுக் கொத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாரு." அம்மா துண்டை வெந்நீரில் நனைத்தாள். பிழிந்தாள். மறுபடி நனைத்தாள். "ஈரத் துணி. நெஞ்சுல ஈரம் இறங்கியிருக்கும். நான் பிடுங்கிப் போட்டிருக்கணும்."

"ஈரத்தால ஒண்ணும் இல்லம்மா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்த வீட்டில் டிகிரி படித்தவள் அவள்தான். அம்மா அதை நம்பினாள். துண்டைப் பிழிந்து மகள் கையில் கொடுத்தாள்.

இருவரும் துடைத்தார்கள். கைகள், கழுத்து, காதுகளுக்குப் பின்னால். பனியனின் ஓட்டைகளுக்குள் தெரிந்த இடங்களை அதன் மேலேயே துடைத்தார்கள். பழக்கத்தில் அவள் கை துணியை மெல்ல இழுத்து விரித்தது. எவ்வளவு தின்றிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று கண் தன்னால் அளந்தது. மற்ற தோட்டங்களில் அவள் இதை உரக்கச் சொல்வாள், விவசாயியின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காக. இங்கே அவள் துணியைக் கீழே விட்டுவிட்டு, குதிகாலுக்குப் போனாள். வெடிப்பிலிருந்த மண்ணில் துண்டு பட்டது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதைத் துடை" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா."

அம்மா மேஜையிலிருந்த உறையைப் பிரித்தாள். புதுப் பனியன் பளபளவென்றிருந்தது. அவள் இரண்டு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பாலியெஸ்டர்ம்மா."

"அதனால?"

"மண்ணுல மக்காது. அப்படியே கிடக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"நீ, நான், அண்ணன் எல்லாரும் போனதுக்கப்புறமும்."

அம்மா அந்தப் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்து மறுபடி உறைக்குள் போட்டாள். "அதுக்காகக் கிழிசலோடயா அனுப்பறது?"

"மேலதான் சட்டை இருக்கே. உள்ள யாரு பாக்கப்போறா?"

அம்மா தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். கேட்காமலே எப்படிப் புரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவின் தலையை அம்மா தூக்கிப் பிடிக்க, பனியனின் பின்கழுத்தில் தொங்கிய கம்பெனிச் சீட்டை அவள் வெட்டி எடுத்தாள். இரண்டு மாதம் மண்ணுக்குள் கிடந்தும் எழுத்து அழியாத நைலான் துண்டு. சட்டைப் பட்டன்களைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். சட்டையை மூட வேண்டுமே.

கதவு தட்டப்பட்டது. "ஆச்சா? எல்லாரும் நிக்கறாங்க."

அம்மா தாழை எடுத்தாள். உள்ளே வந்த அண்ணன் முதலில் பிரிக்கப்பட்ட உறையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் கட்டிலைப் பார்த்தான்.

வெளியே நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டு நின்றது.

அவன் கட்டிலருகே வந்தான். குனிந்தான். ஒரு ஓட்டையின் விளிம்பை ஆள்காட்டி விரலால் தொட்டான். இழை ஒன்று அறுந்து விரலோடு வந்தது.

"இதுவா?"

"ம்."

"இதையா போட்டிருந்தாரு?"

"ம்."

அவன் விரலிலிருந்த இழையை உதறவில்லை. "தூக்கிட்டு வர்றப்ப முதுகுல கை வச்சேன். ஈரமா இருந்துச்சு. வேர்வைன்னு நினைச்சேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துப் பட்டன் போட்டான். கீழிருந்து ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். கழுத்துப் பட்டனுக்கு வந்தபோது கை நின்றது. அதைத் திறந்தே விட்டுவிட்டான்.

பகல் ஏறியும் பனி முழுசாகக் கலையவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு காபி வரிசைகளுக்கு நடுவே போனபோது, முன்னால் போனவர்கள் இடுப்புவரை வெள்ளையில் நனைந்து, நடப்பது போலவே இல்லை, மிதந்து போவது போல இருந்தது. தோள்கள் கிளைகளில் உரசும்போதெல்லாம் பூ கொட்டியது. குழியருகே வந்ததும் அவள் பார்க்காமலிருக்கத்தான் நினைத்தாள். பார்த்தாள். மேலே ஒரு முழத்துக்குக் கறுப்பு. அதற்குள் முடி முடியாக வேர்கள். சுவரிலிருந்து பாதி வெளியே வந்த ஒரு மண்புழு இருட்டுப் பக்கம் தலையைத் திருப்பி, மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது முழுசாகப் போய் முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண் விழுந்தபோது சத்தம் வரவில்லை. யாரோ தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுவது போல விழுந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு மருந்துக்கடைக்காரர் வண்டியைக் கிளப்பினார். அண்ணன் படிக்கட்டிலிருந்து கேனைத் தூக்கிப்போய் வண்டியின் முன்பக்கம் வைத்தான்.

"வேணாமாடா?"

"பூவா இருக்கு மாமா. இப்ப அடிக்க முடியாது."

"பூ உதிர்ந்ததும் கொண்டாரவா?"

"பாக்கலாம்."

களைக்கு அடிக்கும் மருந்துக்கும் மேலே இருக்கும் பூவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது கடைக்காரருக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். படியில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் தெரியும். கடைக்காரர் கேனைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பிரேக்கைப் பிடித்தபடியே பனிக்குள் இறங்கிப் போனார்.

மண் கரண்டியை மேலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏறிப் போனாள். கரண்டி கிடந்தது. அவள் காலையில் தோண்டிய குழி திறந்தே இருந்தது. அதற்குள் கொஞ்சம் பூ விழுந்திருந்தது. கொத்தையும் எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கிளையில் ரிப்பன் இல்லை. காற்று அடித்திருக்கலாம் என்று நினைத்தாள். காற்றே இல்லை.

இறங்கும்போது அப்பாவைப் புதைத்த மூலை வழியாக வந்தாள். மண் மேட்டின் மேல் சாய்ந்திருந்த காபிக் கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அவள் போடும் முடிச்சு இல்லை அது. காபி மூட்டையின் வாயைக் கட்டும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுவது.

கீழே குழாயடியில் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். கையிலிருந்த மண் எப்போதோ போயிருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கூப்பிடவில்லை. பைக்குள் அந்த நைலான் துண்டு விரலில் இடறியது.

ரிப்பனுக்கு நேர் கீழே, ஈரம் காயாத புது மண்ணின் மேல், ஒவ்வொன்றாகப் பூ விழுந்துகொண்டிருந்தது.